பள்ளி சென்றறியாத தலைமையாசிரியை

1905ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில மாத இதழில் ஒரு சிறுகதை அச்சேறியது. கமலா சத்தியநாதன் அம்மையார் ஆசிரியராக இருந்து நடத்திய இதழ் அது. கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'. அக்கதையில் வரும் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைந்து கிடக்கின்றனர். பெண்டிர் ஆட்சி நடத்துகின்றனர். அங்குள்ள மகளிர் பல்கலைக்கழகங்களுள் ஒன்று மேகத்திலிருந்து நேரே நீரை இறக்கிக்கொள்ளும் வழியைக் கண்டறிகிறது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கவும், படையெடுத்து வந்த பகைவரைத் துரத்தவும் பயன்படுத்துகிறது. கதிரவன் வெப்பத்தில் சமைக்கும் பேச்சை இன்று நாம் செய்தித்தாளில் அன்றாடம் காண்கிறோம். அன்று அது வெறுங்கனவு.

அக்கதையை எழுதியவர் எந்தப் பள்ளியிலும் ஒருநாளேனும் அமர்ந்து படித்தவரல்லர். வங்காளத்து முஸ்லிம் ஜமீன் குடும்பத்தில் பிறந்து, ஐந்து வயதிலேயே கோஷா முறைக்குள் வைக்கப்பட்டவர். பின்னாளில் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவி, இருபத்தோராண்டுகள் அதனைத் தம் தோளில் சுமந்தவர். அவரே பேகம் ரொகேயா சகாவத் ஹுசைன் அம்மையார். வங்காளியர் நாவில் ரொகேயா என வழங்கும் அப்பெயர், நம் இல்லங்களில் நாம் ருகையா என்று அழைக்கும் அதே பெயர்தான்.

இவ்வம்மையாரின் வாழ்வை இம்மலரில் எழுத நாம் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நம் துறையில் நன்கு படித்துத் தேறும் மாணவியர் பலர். அவர்களுள் ஆசிரியப் பணிக்குச் செல்வோரும் உளர். ஆனால் பத்தாண்டு கழித்துச் சந்திக்கும்போது, தலைமைப் பொறுப்பு தம்மைத் தேடி வந்ததாகவும், தமக்கு அத்தகுதி இல்லையென்று தாமே மறுத்துவிட்டதாகவும் கூறுகின்றனர். அண்மையில் அவ்வாறு கூறிய ஒருவர், வகுப்பில் முதன்மை பெற்று வந்தவர். வீட்டார் தடுத்தார்களா என்று வினவினோம். இல்லை என்றார். பின் யார் தடுத்தது என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை. அன்று முதல் ரொகேயா அம்மையாரின் நினைவு நம்மை விட்டு அகலவில்லை.

அம்மையார் 1880ஆம் ஆண்டு ரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் சகீருத்தீன் அபூ அலி ஹைதர் சாபிர் பன்மொழி அறிந்தவர். ஆண்மக்கள் இருவரையும் கல்கத்தாவிற்கு அனுப்பி செயின்ட் சேவியர் கல்லூரியில் பயிலச் செய்தார். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதவும் சிறிது உருது படிக்கவும் மட்டுமே இசைவு தந்தார். வங்கமொழி எழுத்தும் ஆங்கிலமும் விலக்கப்பட்டன. இதனை வங்காளத்து விந்தையென நாம் எள்ள வேண்டியதில்லை. அரபுத்தமிழில் மாலைகளைத் தடையின்றி ஓதிய எம் உம்மம்மாவுக்குத் தமிழெழுத்தில் கையொப்பமிட வராது. தாய்மொழியைப் பேச்சில் கொடுத்து எழுத்தில் மறுத்த வழக்கம் இரு கரைகளிலும் இருந்திருக்கிறது.

கோஷா என்பது அக்குடும்பத்தில் அயல் ஆடவரிடமிருந்து மட்டும் மறைவதன்று. அயல் பெண்டிரிடமிருந்தும் மறைவது. ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, பீகாரிலிருந்து உறவினர் வீட்டுப் பணிப்பெண்கள் இருவர் வந்து தங்கினர். அவர்கள் கண்ணில் படாதிருக்க அச்சிறுமி மாடியறையிலும் கட்டிலடியிலுமாக நான்கு நாட்கள் ஒளிந்து கிடந்தாள். சிறுவனான ஒரு மருமகன் அவ்வப்போது எடுத்து வந்து கொடுத்ததே அவளுக்கு உணவாயிற்று. இதனை அம்மையார் தம் ஐம்பதாம் வயதில் எழுதும்போது கண்ணீர் வடிக்கவில்லை. சிறிது நகைப்புடனேயே எழுதினார்.

அவருக்கு எழுத்தறிவித்தவர் இருவர். மூத்த சகோதரி கரீமுன்னிசா வங்கமொழி கற்பித்தார். அச்சகோதரியே வங்கநூல் படித்ததற்காகத் தடுக்கப்பட்டு, இளவயதிலேயே மணமுடித்து அனுப்பப்பட்டவர். மற்றவர் அண்ணன் இப்ராகீம் சாபிர். வீடு உறங்கிய பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் தம் 'மோத்திசூர்' நூலின் இரண்டாம் பகுதியைச் சகோதரிக்கும், 'பத்மராக்' புதினத்தை அண்ணனுக்கும் அம்மையார் உரிமையாக்கினார். சமுதாயத்தைப் பற்றிக் குறைகூற அவருக்கு எவ்வளவோ இருந்தது. ஆயினும் தமக்கு விளக்கேந்தியவர்களை அவர் மறந்தாரில்லை.

பதினெட்டு வயதை ஒட்டி, பாகல்பூரைச் சேர்ந்த சையத் சகாவத் ஹுசைன் என்பாருக்கு அவரை மணமுடித்தனர். மணமகன் உருதுமொழியினர், மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர், துணை மாஜிஸ்ட்ரேட் பதவியில் இருந்தவர். இன்றைய கண்ணுக்கு இது பொருந்தா மணமாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்து சென்று படித்து வந்த அப்பெருமகன், மனைவியின் ஆங்கிலத்தை வளர்த்தார், எழுதத் தூண்டினார். ஒருமுறை அவர் அலுவல்முறைச் சுற்றுப்பயணம் சென்றிருந்தபோது, பொழுது போகாமல் அம்மையார் எழுதியதே 'சுல்தானாவின் கனவு'. திரும்பி வந்தவர் அதை நின்ற நிலையிலேயே முழுவதும் படித்து முடித்து, ஆடவர்மீது மனைவி கொடிய பழிவாங்கல் நடத்தியிருப்பதாகக் கூறி மகிழ்ந்தாராம். வேறொரு கணவராயின் அத்தாள் அடுப்புக்குப் போயிருக்கும். சென்னை வந்து சேர்ந்திராது.

அதே காலத்தில் அம்மையார் வங்கமொழியில் எழுதிய கட்டுரைகள் பெரும் புயலைக் கிளப்பின. பெண்கள் பெருமையாக அணியும் அணிகலன்களை அடிமைச் சின்னங்களுக்கு ஒப்பிட்டார். ஆடவரின் ஆதிக்கத்தை மட்டுமன்றி, உழைக்க மறுத்துச் சார்ந்து வாழப் பழகிவிட்ட பெண்மனத்தையும் சாடினார். மகளிர் இனத்தின் தாழ்வு குறித்த கட்டுரையை 1904இல் 'மோத்திசூர்' நூலில் சேர்த்தபோது, மிகுந்த எதிர்ப்புக்குள்ளான சில பத்திகளை அவரே நீக்கிவிட்டார். அதனைப் பின்வாங்கல் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சில பத்திகளுக்காக முழு நூலையும் இழக்க அவர் விரும்பவில்லை என்பதே நம் எண்ணம். ஏனெனில் நீக்காமல் விட்ட பகுதி எளியதன்று. பெண்கள் எழுத்தர் வேலை முதல் மாஜிஸ்ட்ரேட், வழக்கறிஞர், நீதிபதி வரை எப்பணியும் ஏற்கலாம், ஐம்பதாண்டு கழித்து வைஸ்ராயாகவும் அமரலாம் என்றும், கணவன் வீட்டில் செலவிடும் அதே உழைப்பைக் கொண்டு சொந்தத் தொழில் நடத்த இயலாதா என்றும் அதில் வினவியிருந்தார். முஸ்லிம் பெண்ணொருவர் கடைத்தெருவுக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட வரிகள் அவை. 1989இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்றவர் எம். ஃபாத்திமா பீவி அம்மையார். அவரே 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். ஐம்பதாண்டுக் கணக்கு சற்றே பிசகியதெனலாம்.

எழுத்தாளராக மட்டும் வாழ்ந்திருந்தாலும் ரொகேயா அம்மையார் நினைக்கப்பட்டிருப்பார். ஆனால் அவரது வாழ்வு திசை மாறியது துயரத்தால். பிறந்த பெண்குழந்தைகள் இருவரும் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். கணவர் நீரிழிவு நோயால் கண்ணொளி இழந்து, நெடுநாள் படுக்கையில் கிடந்து, 1909 மே மாதம் காலமானார். மனைவியின் விருப்பமறிந்து பெண்கல்விக்கென 10,000 ரூபாயை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். இத்தா முடிந்த சிறிது நாளிலேயே, அதே 1909ஆம் ஆண்டு அக்டோபரில், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் கணவர் பெயரால் பள்ளி தொடங்கினார் அம்மையார். கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகளோடு எழுந்த சொத்துப் பிணக்கால் அவ்வூரில் நிலைக்க முடியவில்லை. வீட்டையும் ஊரையும் விட்டுக் கல்கத்தா வந்து, 1911 மார்ச்சு 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் ஒரு சிறு வாடகை வீட்டில் எட்டு மாணவியருடன் 'சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி'யை மீண்டும் தொடங்கினார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வகுப்பு என்றால் எப்படி இருக்கும், மணி அடித்தால் என்ன நிகழும், ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு எவ்வாறு பாடம் நடத்துவது என்பவற்றை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் கற்றது மெழுகுவர்த்தி முன் ஒருவருக்கொருவராக. தமக்குத் தெரியாது என்பதை மறைக்கவுமில்லை, தெரியாதென்று ஒதுங்கவுமில்லை. கல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தார் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்புகள் நடைபெறும் முறையையும் நிர்வாகத்தையும் கவனித்துக் கற்றார். முப்பது வயது கடந்த கைம்பெண், நூலாசிரியர் எனப் பெயர் பெற்றவர், பிறர் பள்ளியில் மாணவியைப் போல் அமர்ந்து பாடம் நடத்தும் பாடத்தைப் படித்தார். தகுதி வந்தபின் பொறுப்பை ஏற்பது ஒருமுறை. பொறுப்பை ஏற்று அதற்குரிய தகுதியைத் தேடிச் சேர்த்துக்கொள்வது இன்னொரு முறை. அம்மையார் இரண்டாவது முறையைச் சார்ந்தவர்.

பிள்ளைகள் எளிதில் வரவில்லை. பர்தா அணிந்து வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். இளங்கைம்பெண் தன் அழகையும் இளமையையும் விளம்பரப்படுத்தவே பள்ளி திறந்திருக்கிறாள் என்று ஊர் பேசியது. வங்கியொன்று முறிந்ததில் பள்ளிக்கென வைத்திருந்த பணமும் போயிற்று. ஆயினும் 1915இல் மாணவியர் தொகை 84 ஆக உயர்ந்தது. குர்ஆன் ஓதலும் அதன் விளக்கமும், ஆங்கிலம், உருது, பார்சி, நோயாளியைப் பேணல், சமையல், தையல், உடற்பயிற்சி ஆகியன கற்பிக்கப்பட்டன. தாய்மொழிமீது பெரும்பற்றுக் கொண்ட அவருக்கு வங்கமொழிப் பிரிவுக்குப் போதிய மாணவியர் கிடைக்கவில்லை என்பது நெடுநாள் மனக்குறை. கல்கத்தாவின் மேட்டுக்குடி முஸ்லிம்கள் உருதுவையே விரும்பினர். தமிழ்த்துறையில் பணியாற்றும் நமக்கு அக்குறையின் வலி விளங்காமலில்லை.

பள்ளி வண்டியின் கதையைச் சொல்லாமல் செல்லலாகாது. கோஷா குலையாதபடி பிள்ளைகளை அழைத்து வர ஒரு மோட்டார் வண்டி செய்விக்கப்பட்டது. நாற்புறமும் அடைக்கப்பட்டு, முன்னும் பின்னும் மேற்பகுதியில் மூன்று அங்குல அகலச் சல்லடை மட்டும் வைத்த வண்டி. முதல் நாளே இருட்டிலும் புழுக்கத்திலும் குழந்தைகள் அலறினர், சிலர் வாந்தியெடுத்தனர், சிலர் மயங்கினர். பள்ளியிலிருந்த ஐரோப்பிய ஆசிரியை அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டார். அப்போதும் தலைசுற்றல் தீரவில்லை. பிள்ளைகளை உயிரோடு புதைக்கிறீர்கள் என்னும் பொருள்படத் தாய்மார் வந்து முறையிட்டனர். அன்று மாலைத் தபாலில் நான்கு கடிதங்கள் வந்தன. ஒன்று ஆங்கிலத்தில், இஸ்லாமியச் சகோதரன் என்னும் கையொப்பத்துடன், மூன்று உருதுவில். நான்கிலும் செய்தி ஒன்றே. வண்டியின் திரைச்சீலை காற்றில் அசைகிறது, பர்தா குலைகிறது, நாளைக்குள் சீர்செய்யாவிட்டால் செய்தித்தாள்களில் எழுதுவோம். காலையில் மூச்சுத் திணறுகிறதென்று தாய்மார். மாலையில் காற்று நுழைகிறதென்று சான்றோர். இரு தரப்பினரும் ஒரே சமுதாயத்தினர். இரு தரப்பினரின் பிள்ளைகளும் வந்தால்தான் பள்ளி நடக்கும். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள் இந்நிகழ்ச்சியைப் படித்தால் சிரிக்கவும் செய்வர், பெருமூச்சும் விடுவர்.

அம்மையார் அந்த வண்டியையும் நிறுத்தவில்லை, பள்ளியையும் மூடவில்லை. தாமும் இறுதிவரை பர்தாவைக் கைவிடவில்லை. மார்க்கம் கூறும் ஒழுக்கமான மறைவு வேறு, ஊர் வழக்கம் புகுத்திய சிறைவாசம் வேறு என்பது அவர் நிலைப்பாடு. கற்பது ஆண், பெண் இருபாலார்க்கும் கடமையென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, அதனை மீறியவர்கள் பெண்ணைப் படிக்க வைத்தவர்களா, தடுத்தவர்களா என்பதே அவர் சமுதாயத்தின்முன் வைத்த வினா. சிறைவாசத்தின் கொடுமைகளை 1931இல் 'அபரோத்பாசினி' என்னும் நூலாகத் தொகுத்தார். அதில் ஒரு நிகழ்ச்சி மறக்கவொண்ணாதது. பீகாரில் கியூல் ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது, அவருடைய கணவர் வழி உறவினரான அம்மையார் ஒருவர் பர்தா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். தூக்கிவிட ஓடிவந்த கூலியாட்களை, அயல் ஆடவர் தொடலாகாதென்று உடன் வந்த பணிப்பெண் தடுத்தாள். அவளால் தனியே தூக்க முடியவில்லை. அரைமணி நேரம் காத்திருந்த வண்டி புறப்பட்டது. நசுங்கிய அப்பெண்மணி சில மணி நேரம் துடித்து உயிர்நீத்தார். நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்திருக்க நிகழ்ந்த சாவு இது.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்தது. பள்ளிக்குக் கட்டடம் கிடைத்தது, மாணவியரும் வந்தனர், ஆசிரியைகள் கிடைக்கவில்லை. முஸ்லிம் வீடுகள் ஆடவரை ஆசிரியராக ஏற்கமாட்டா. பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியைகளோ கல்கத்தாவில் அரியர். ஆகவே சென்னை, கயா, ஆக்ரா ஆகிய ஊர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். எழுத்தால் ஒருமுறை சென்னையைத் தொட்டவர், ஆசிரியை தேடி மீண்டும் சென்னையை நோக்கியதை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. குடும்பத்தை விட்டு ஆயிரம் மைல் ரயிலேறிச் சென்று, மொழி தெரியாத ஊரில் சம்பளத்திற்குப் பாடம் நடத்திய அப்பெண்களின் துணிவும் சிறியதன்று.

வெளியூரிலிருந்து வருவித்துக்கொண்டே இருக்க இயலாதென்பதை அம்மையார் உணர்ந்தார். உள்ளூரிலேயே முஸ்லிம் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவிக்க ஒரு நிறுவனம் வேண்டுமென அரசிடம் ஓயாது வற்புறுத்தினார். 1919இல் கல்கத்தாவில் அரசு முஸ்லிம் மகளிர் பயிற்சிப் பள்ளியை நிறுவியது. தம் பள்ளியின் பெருமையொன்றையே எண்ணியிருப்பாராயின், கிடைத்த ஆசிரியைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நிறைவுற்றிருக்கலாம். அவரோ, தாம் இல்லாவிடினும் பாடம் நடத்தப் பலர் உருவாக வேண்டுமென்று பாடுபட்டார்.

1916இல் அவர் தொடங்கிய 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்னும் மகளிர் சங்கமும் அவ்வகையானதே. அதன் உறுப்பினரான செல்வக்குடும்பப் பெண்கள் கல்கத்தாவின் சேரிகளுக்குச் சென்று, ஏழைப் பெண்களுக்கு எழுத்தும் குழந்தை வளர்ப்பும் தூய்மையும் கற்பித்தனர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் பொருளுதவி வழங்கினர். கூட்டம் என்பதையே அறியாத பெண்களைக் கூட்டம் நடத்தப் பழக்குவதற்கே முதற்சில ஆண்டுகள் கழிந்தன. சங்கக் கூட்டத்தில் வாய்திறந்து பேசப் பழகியவர், பின் வேறோரிடத்திலும் பேசுவார். 1926இல் நடைபெற்ற வங்காள மகளிர் கல்வி மாநாட்டுக்கு அம்மையாரே தலைமை தாங்கினார். 1930இல் அவருடைய பள்ளி உயர்நிலைப் பள்ளியாயிற்று. எட்டுப் பேரோடு தொடங்கியதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

இவ்வளவுக்கும் இடையில் அவர் எழுதுவதை விட்டாரில்லை. பகலெல்லாம் பள்ளிக் கணக்கு, பெற்றோர் புகார், அரசுக்கு விண்ணப்பம், இரவில் எழுத்து. வீட்டு வேலையும் அலுவலக வேலையும் முடித்து இரவில் ஆய்வேட்டைத் திறக்கும் நம் பேராசிரியைகளுக்கு இது புதிதன்று.

1932 திசம்பர் 8ஆம் நாள் இரவும் அவ்வாறே எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. கல்கத்தாவுக்கு வடக்கே சோதேபூரில் நல்லடக்கம் செய்தனர். திசம்பர் 9ஆம் நாளை வங்காளதேசம் ரொகேயா நாளாகக் கொண்டாடிவருகிறது. அவர் தொடங்கிய பள்ளி, அரசுப் பள்ளியாகி, இன்றும் கொல்கத்தாவில் நடைபெற்றுவருகிறது.

அவர் மறைந்தபின் மேசையில், தாள்பாரக் கல்லின் அடியில், முற்றுப்பெறாத ஒரு கட்டுரை இருந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் தலைப்பு.